மேசை உயரம்

மார்ச் 3, செவ்வாய்

பெரிய ரோட்டு மெஷின் கடைக்காரர் ஒரு ஏமாற்றுக்காரர். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வெள்ளையாக, பொம்மை மாதிரி ஒரு மெஷின். அதன் நெற்றியில் 'ஹெவி டியூட்டி' என்று சிவப்பு ஸ்டிக்கர். சோபா என்ன சோபா, பஸ் சீட்டே தைக்கலாம் என்று அண்ணனிடம் அளந்துகொண்டிருந்தார். அண்ணனிடம்தான். நான் பக்கத்தில் நின்றேன், சுவரில் தொங்கிய கத்திரிக்கோல் மாதிரி.

பையிலிருந்து என் துண்டை எடுத்து வைத்தேன். ரெக்சின் நாலு மடிப்பு, நடுவே சோபா ஓரத்துக்கு வைக்கிற பைப்பிங் கயிறு. சோபாவின் மூலையில் இரண்டு தையல்கள் குறுக்கே சந்திக்கும்போது கனம் இவ்வளவு வரும். ஒரு மெஷின் எப்படிப்பட்டது என்று அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

"இத ஒரு தடவ தைச்சுக் காட்டுங்க."

"வீட்டுல கவர் தைக்க இவ்வளவு கனம் எதுக்கும்மா?"

"வீட்டுல இல்ல. கடைல."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் ஓட்டினார். இரண்டாவது மடிப்பிலேயே மெஷின் முனகியது. ஊசி முறிந்து அதன் முனை அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. ஊசி சரியில்லை என்றார். வேறு ஊசி போட்டார், அதுவும் போனது. துணி சரியில்லை என்றார்.

"அடுத்து என்ன சரியில்லன்னு சொல்லப் போறீங்க? நானா?" என்றேன்.

வெளியே வந்ததும் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன்னக் கூட்டிட்டுப் போனா ஒருத்தனும் யாவாரம் பண்ண முடியாது. மேடம் சொல்ற மெஷின்தான் கடைக்கு எடுக்கறோம். நான் வாயே தெறக்க மாட்டேன், போதுமா?"

போதும். அப்பா செத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அவன் முன்பே விட்டிருந்தான். அன்றிலிருந்து அவன் மரச் சட்டம் அடிப்பான், ஃபோம் வெட்டுவான், நான் தைப்பேன். எங்கள் கடையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு தையலும் என்னுடையது. பலகையில் 'பிரதர்ஸ் சோபா ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் பிரதர் ஒருத்தன்தான். ஏண்டா இப்படி என்று கேட்டதற்கு, "அப்பதான் பெரிய கம்பெனின்னு நெனப்பாங்க" என்றான். நானும் சிரித்தேன்.


மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரி நாற்காலி உறைகள். மூலைக்கு மூலை சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் ஊசியை இறக்கினேன். வலது தோள் என்னுடையதாக இல்லை.


மார்ச் 8, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அண்ணனுக்கு வகுப்பு எடுத்தேன்.

நம்மிடம் இருப்பது சட்டை தைக்கும் மெஷின். அதற்கு மோட்டார் மாட்டிவிட்டோம் என்பதற்காக அது சோபா மெஷின் ஆகிவிடாது. கீழே இருக்கும் பற்கள் மட்டும் துணியைத் தள்ளுகின்றன. அடி மடிப்பு நகர்கிறது, மேல் மடிப்பு அடம்பிடித்து நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டியது ஊசி, துணியை அழுத்தும் பாதம், பல் மூன்றும் சேர்ந்து நடக்கிற மெஷின். வாக்கிங் ஃபுட் என்பார்கள். நடப்பது என்றால் நிஜமாகவே நடக்கும், நம் கால் மாதிரி தூக்கித் தூக்கி வைக்கும். அடி நூல் சுற்றும் பாபின் பெரியதாக இருக்க வேண்டும். பாதம் நன்றாக மேலே எழும்ப வேண்டும். மோட்டார் மெதுவாகவும் போக வேண்டும்.

"மெதுவாப் போக எதுக்கு மோட்டாரு?" என்றான்.

"மூலைல ஒவ்வொரு தையலா போடணும். நீ லாரி ஓட்டற மாதிரி போட்டா பைப்பிங் கிழிஞ்சிடும்."

அம்மா உள்ளேயிருந்து, "மெஷினப் பத்திப் பேசற நேரத்துல கல்யாணத்தப் பத்தி ரெண்டு வார்த்த பேசக் கூடாதா ரெண்டு பேரும்?" என்றாள். அண்ணனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள், மே மாதம். பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. சத்தமாகச் சிரிக்கிறாள். அவளுக்கு ஒரு தம்பி. தோல் பை தைக்கிற கம்பெனியில் இருந்தானாம், கம்பெனியை மூடிவிட்டார்களாம். முன்னறிவிப்பு கிடையாது, கதவில் பூட்டுதான். முதலாளிகள் எங்கேயும் ஒரே மாதிரிதான் பூட்டுகிறார்கள்.


மார்ச் 12, வியாழன்

எங்கள் மெஷினை ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் எங்களை ஒரு கிடங்குக்குக் கூட்டிப் போனார். மூடிப்போன செருப்புத் தொழிற்சாலையின் மெஷின்கள், வரிசையாக, தூசு போர்த்திக்கொண்டு. சிலவற்றில் இன்னும் நூல் கோத்தபடியே இருந்தது. ஒன்றில் யாரோ ஒரு பூப்படம் ஒட்டியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ.

ஒன்றைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. விலை குறைவு. வாக்கிங் ஃபுட்தான். ஆனால் பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்சைப் போட்டதுமே கீழே உறும ஆரம்பித்துவிடும்.

"இது எருமைம்மா" என்றார் மெக்கானிக். "மிதிச்சா ஓடும். நிறுத்தறது அது இஷ்டம்."

உட்கார்ந்து பெடலைத் தொட்டேன், தொட்டதுதான். என் துண்டின் மூலையைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, வெறும் பலகையின் மேலும் தைத்துவிட்டு நின்றது. விரல் அந்தப் பக்கம் இருந்திருந்தால் பைப்பிங்கோடு சேர்ந்திருக்கும்.

"பழகிடும்" என்றான் அண்ணன்.

"பழகற வரைக்கும் விரல் இருக்கணும்ல."

ஒவ்வொன்றாக நான் குனிந்து, அடியில் விளக்கடித்து, சக்கரத்தை ஆட்டி, ஊசிக் கம்பியை அசைத்துப் பார்ப்பதை மெக்கானிக் கவனித்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, மாப்பிள்ளை பாக்கறவங்க கூட இவ்வளவு பாக்க மாட்டாங்க."

"மாப்பிள்ளை கூட எட்டு மணி நேரம் ஒரே எடத்துல உக்கார வேண்டியதில்லயே."

அண்ணன் சிரிக்கவில்லை. சொன்னது அவன் காதில் விழவில்லை போல.


மார்ச் 19, வியாழன்

கிடைத்துவிட்டது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சந்துக்குள் சந்து. ஒரு அக்காவும் அவர் கணவரும் நடத்தும் சின்னக் கடை. நான் துண்டை எடுக்கும் முன்பே அந்த அக்கா, "கைல ஏதாவது கொண்டு வந்திருக்கியா? எங்க துணில ஓட்டிப் பாக்காத, உன்னோடதுல ஓட்டு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே பாதி வாங்கிவிட்டேன்.

புது மெஷின். மோட்டார் சத்தமே இல்லை. பெடலைக் கட்டை விரலால் நினைத்தேன், ஒரு தையல் விழுந்தது. மறுபடி நினைத்தேன், இன்னொன்று. நாலு மடிப்பு, ஆறு மடிப்பு, பைப்பிங். ஊசி இறங்குவது கையில் தெரிந்தது, தோளில் தெரியவில்லை. முழங்காலால் லிவரைத் தள்ளினால் பாதம் தானாகத் தூக்கிக்கொள்கிறது. இரண்டு கையும் துணியிலேயே இருக்கலாம். இவ்வளவு காலம் ஒரு கையை மெஷினுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன்.

குழாய் மாதிரி கை நீண்ட இன்னொரு மெஷினும் இருந்தது. அது தோல் பைக்கும் செருப்புக்கும். நமக்கு அகலமான மேசைதான் வேண்டும், சோபா உறை மொத்தமும் அதன் மேல் கிடக்க வேண்டும், கீழே தொங்கினால் அதன் பாரமே தையலைக் கோணலாக்கும். அந்த அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு அண்ணனைப் பார்த்து, "இவ சொல்றத எடுத்துக்கப்பா" என்றார்.

எடுத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரி நாற்காலிகள் கொடுத்த காசு.

சரக்கு வண்டியின் பின்னால் மெஷினோடு நான்தான் உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.


மார்ச் 24, செவ்வாய்

மெக்கானிக் வந்து மெஷினை ஸ்டாண்டில் பூட்டினார். என்னை உட்கார வைத்து, "தோளத் தொங்க விடு. முழங்கைய மடக்கு. அப்படியே மேசைல வை" என்று சொல்லி அதற்கேற்றபடி ஸ்டாண்டை இறக்கினார். நான் குள்ளம், நன்றாகவே இறக்க வேண்டியிருந்தது. முழங்கால் லிவரையும் என் முட்டிக்கு நேரே திருகினார்.

"இனிமே இது உன் சட்டை மாதிரி. வேற யாருக்கும் பொருந்தாது."

அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். டீ வாங்கி வரேன் என்று போனான்.


மார்ச் 26, வியாழன்

காலையில் போய் உட்கார்ந்தால் மேசை நெஞ்சுக்கு வருகிறது. நாலு விரல் உயரம் ஏறியிருக்கிறது. லிவர் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. மெக்கானிக் நட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தேன். ஒரு பக்கம் மரக்கட்டையை முட்டுக்கொடுத்து இறக்கி, பிறகு மறுபக்கம். மூச்சு வாங்கியது.

இறக்கி முடித்த பிறகுதான் உறைத்தது. நட்டு தளர்ந்தால் மேசை இறங்கும். ஏறுமா?


மார்ச் 27, வெள்ளி

மறுபடியும் ஏறியிருக்கிறது. அண்ணனைக் கேட்டேன்.

"நேத்து கூட்டினேன்ல, நகர்த்தினேன். அப்பத் தூக்கியிருக்கும்."

அவன் கூட்டினானாம். துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் சொல்வானா?

இறக்கினேன்.


மார்ச் 30, திங்கள்

இறக்கினேன். இறக்கும் முன்பு ஸ்டூலை உயர்த்திப் பார்த்தேன், கால் பெடலுக்கு எட்டவில்லை. மேசையை அந்த உயரத்திலேயே விட்டுத் தைத்துப் பார்த்தேன், தோள் காதுக்கு வந்துவிடுகிறது.

"கடைல பேய் இருக்குடா" என்றேன். "நல்ல நெட்டைப் பேய்."

அண்ணன் சிரித்தான். அந்த ஜோக்குக்கு அவ்வளவு நேரம் சிரிக்க வேண்டியதில்லை.


மார்ச் 31, செவ்வாய்

சமையலுக்கு அம்மாவுக்குக் கை வேண்டும் என்று நான் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன். அண்ணன் இருந்து ஷட்டரை இழுத்துவிட்டு வருவான். இன்றைக்கு போனை மறந்துவிட்டேன். பாதி வழியில் திரும்பினேன்.

ஷட்டர் அரைக்கு இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

என் மெஷினில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நெட்டையாக. மேசை அவனுக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. அளவெடுத்துத்தான் இருக்கும். அண்ணன் கையில் ஸ்பேனர்.

உட்கார்ந்திருந்தவன் சட்டென்று எழுந்துவிட்டான். வரப்போகிற அண்ணியின் தம்பி. "வாங்கக்கா" என்றான். நல்ல பையன்தான். மரியாதையாகத்தான் பேசுகிறான். அதுதான்.

"மெஷின் சூப்பரா இருக்குக்கா. மாமா எவ்வளவு அலைஞ்சு பாத்து எடுத்திருக்காரு. ஒரு கடைல ஊசிய ஒடச்சுக் காட்டினாராமே, கடைக்காரர் கண்ணாடில போய்த் தெறிச்சதாமே."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மேசைக்கு அடியில் குனிந்து சாக்பீஸ் தேடினான். சாக்பீஸ் அவன் காதில் இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் — என்ன யோசிச்சேன்னே தெரியல. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன். நல்ல வேளை, வெங்காயம்.

அண்ணன் ஒருமுறையாவது 'உனக்கு' என்று சொன்னானா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கடைக்கு என்றான். நமக்கு என்றான். மேடம் சொன்னா சரி என்றான். உனக்குன்னு சொல்லவே இல்ல. நான்தான் போட்டுக்கிட்டேன் அந்த வார்த்தைய.


ஏப்ரல் 1, புதன்

போனேன். மேசை இறங்கியிருந்தது. அவனே இறக்கி வைத்திருக்கிறான். தினமும் இறக்கி வைக்க வேண்டியதை மறந்து மறந்து போயிருக்கிறான், அவ்வளவுதான். மறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். கல்யாணம் வரை.


ஏப்ரல் 2, வியாழன்

அம்மாவைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை.

"பொண்ணு வீட்டுல கேட்டாங்க. கூடப் பொறந்தவனுக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்கன்னாங்க."

"அதுக்கு?"

"சரின்னோம்."

"சரின்னது யாரு?"

"நாங்கதான். வேற யாரு."

"அந்த நாங்கள்ல நான் இல்லையா?"

"ஏண்டி, நீ எத்தனை நாளைக்கு அங்க உக்காந்திருப்ப? உனக்கும் ஒரு எடம் அமையும், போவ. அவன் குடும்பஸ்தனாகப் போறான். கடை அவனோடது. நாளைக்கு நீ போயிட்டா அவன் தெருவுல நின்னு தையக்காரனத் தேடணுமா?"

"நான் எங்கம்மா போறேன்னு சொன்னேன்?"

"பொண்ணுன்னா போகத்தான் வேணும். இதெல்லாம் சொல்லிக்கிட்டிருப்பாங்களா?"

சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதுதான் இந்த வீட்டின் வழக்கம், எல்லா வீட்டின் வழக்கமும். பெண்ணைத் துரத்துகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறார்கள். தானாக எழுந்து போனாள் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மெக்கானிக்குக்காவது டீ வாங்கிக் கொடுத்தார்கள். கூலி கொடுத்தார்கள். நான் கடை கடையாக ஏறி, மண்டியிட்டு, அடியில் விளக்கடித்து, என் இடத்தில் உட்காரப் போகிறவனுக்கு மெஷின் பார்த்துக் கொடுத்தேன். இலவசமாக. சந்தோஷமாக. வண்டியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வேற வந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்டீ நீ.


ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணன் மொட்டைமாடிக்கு வந்தான். எனக்குப் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டோடு. அவன் குற்றம் செய்த நாட்களை பிஸ்கட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

"நீ கடைக்கு வராதன்னு யாரும் சொல்லலையே. வா. பட்டன் அடி, உறை மாட்டு, பஞ்சு அடை. உன் கை வேலைக்கு யாரும் கிட்ட வர முடியாது."

"மெஷின்?"

"நீதான தோள் வலிக்குதுன்ன. அந்தக் கஷ்டம் உனக்கு எதுக்குன்னுதான்."

என் தோளையே எடுத்து என் மேல் எறிகிறான். அந்த வலிக்காகத்தானே அந்த மெஷினைத் தேடினேன். அது வந்த நாளிலிருந்து வலி இல்லை. இதை அவனிடம் சொன்னேன். அவன் பிஸ்கட்டைப் பிரித்தான்.

"பழைய மெஷின வீட்டுக்கே அனுப்பிடறேன். நீ பாட்டுக்குத் தலையணை உறை, திரைச்சீலைன்னு ஏதாவது தைச்சுக்கோ. உனக்குன்னு ஒண்ணு இருக்கும்."

உனக்கு. சொல்லிட்டான். கடைசில சொல்லிட்டான்.


ஏப்ரல் 9, வியாழன்

பழைய மெஷின் வந்துவிட்டது. சமையலறைக் கதவு இப்போது பாதிதான் திறக்கிறது. அம்மா பக்கவாட்டில் திரும்பி உள்ளே போகிறாள்.


ஏப்ரல் 16, வியாழன்

இன்றைக்குக் கடைக்குப் போனேன். பட்டன் அடித்தேன். அண்ணியின் தம்பி புது மெஷினில் இருந்தான், பகலிலேயே, முழு வெளிச்சத்தில். இனி மேசையை இறக்க வேண்டிய வேலை அண்ணனுக்கு இல்லை.

அவன் மோசமாகத் தைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. தையல் கோண வேண்டும், பைப்பிங் பிதுங்க வேண்டும், வாடிக்கையாளர் வந்து கத்த வேண்டும்.

அவன் நன்றாகத்தான் தைக்கிறான். பை தைத்த கை. மூலையில் மட்டும் கொஞ்சம் தடுமாறினான், "அக்கா, இங்க எப்படித் திருப்புவீங்க?" என்று கேட்டான். ஊசியை உள்ளேயே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பச் சொன்னேன். ஏன் சொன்னேன்? துணி பாழாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அடுத்த மூலையை அவனே திருப்பினான். அவ்வளவுதான், முடிந்தது. பல வருஷமாக என்னிடம் இருந்தது, ஒரு மூலையில் கை மாறிவிட்டது.

அண்ணன் வெளியே போயிருந்தான். சொல்லிவிட்டேன்.

"இந்த மெஷின நான்தான் பாத்து எடுத்தேன். ஊசி ஒடைஞ்சதும் என் துண்டுலதான்."

அவன் கொஞ்சம் முழித்தான். பிறகு சிரித்தான். "யார் எடுத்தா என்னக்கா. நல்ல மெஷின்."

அவன் மேல் கோபம் வரவில்லை. அவனையும் ஒருத்தன் பூட்டிய கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறான். கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அதில் சூடு இருந்ததா, யார் எழுந்து போனது என்று பார்க்க அவனுக்கு நேரம் இல்லை. புரிகிறது. புரிந்து என்ன செய்ய.

ஆறு மணி ஆகும் முன்பே வந்துவிட்டேன்.


ஏப்ரல் 22, புதன்

பஸ் சீட் தைக்கும் பட்டறை. வேலைக்கு ஆள் வேண்டும் என்று போர்டு. சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்பளைங்க எல்லாம் நூல் வெட்டற செக்‌ஷன்ல."

"நான் தைக்கறேன்."

"கனமான ரெக்சின்மா. முடியாது."

"மெஷின குடுங்க. முடியலன்னா நானே போயிடறேன்."

ஓரத்தில் ஒன்றைக் காட்டினார். கிளட்ச் மோட்டார். கீழே உறுமிக்கொண்டிருந்தது. வேகமாகத் தைக்கவில்லை, குதிகாலைப் பெடலின் பின்பக்கம் ஊன்றி, பிரேக்கில் வைத்தபடியே ஒரு மூலையைத் திருப்பினேன். பக்கத்து மெஷின்காரர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். சூப்பர்வைசர் தையலை நகத்தால் கீறினார். திங்கள்கிழமை வரச் சொன்னார். ஆண்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்களாம், அதை மட்டும் தெளிவாகச் சொன்னார். வீட்டில் இருப்பவர்களைவிட இவர் தேவலை. வாயைத் திறந்து சொன்னார்.


மே 17, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. எல்லாப் போட்டோவிலும் நான் இருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான்.


ஜூன் 4, வியாழன்

அண்ணி நல்லவள். நேற்று ராச்சாப்பாட்டில் சத்தமாகக் கேட்டாள், "நீங்க ஏன் நம்ம கடையில தைக்காம அவ்வளவு தூரம் போறீங்க?" யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மா உப்பை நகர்த்தி வைத்தாள். அண்ணன், "அவளுக்கு அங்க பிடிச்சிருக்கு" என்றான்.

எனக்கு அங்கே பிடித்திருக்கிறதா? தோள் மறுபடியும் வலிக்கிறது. மேசையை இறக்கக் கூடாது, ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும் என்கிறார்கள். ஸ்டூலின் காலுக்கு அடியில் ஒரு பலகை போட்டு உயர்த்திக்கொண்டேன். பெடலுக்கும் ஒரு கட்டை ஒட்டினேன். போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.

சாயங்காலம் பழைய தெரு வழியாகத்தான் பஸ் போகிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்து, பார்த்துவிடுகிறேன். நம் கடையின் — அவன் கடையின் — விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. வெளியே நாலு சோபா சட்டங்கள். வேலை நிறைய வருகிறது. மெஷின் அப்படி.


ஜூன் 29, திங்கள்

பட்டறை வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். பைக்கை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. வீட்டில் தினமும் பார்க்கிறவன் இங்கே எதற்கு வந்தான்? அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான்."

டீ வாங்கினான். சர்க்கரை இல்லாமல், எனக்கு எப்படி வேண்டுமோ அப்படி. இதெல்லாம் மறக்க மாட்டான். பஸ் நிறுத்தத்தின் கல்லில் உட்கார்ந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு அவன் தாடை பருத்திருக்கிறது. எனக்கு அவனைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்.

பட்டறை எப்படி என்றான். எருமை என்றேன். சிரித்தான். பழைய சிரிப்பு. ஒரு நிமிஷம் எதுவுமே நடக்காதது மாதிரி இருந்தது. ஒரே வண்டியில் கடைக்குப் போகப் போகிறோம், நான் பின்னால் உட்கார்ந்து ரெக்சின் சுருளைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

பிறகு சொன்னான். "ஓட்டல் ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. பெருசு. ஒரு மெஷின வெச்சுக்கிட்டு முடியாது. இன்னொண்ணு எடுக்கலாம்னு இருக்கேன்."

நான் டீயைக் குடித்தேன்.

"ஞாயித்துக்கிழம உனக்கு லீவுதானே. அந்தச் சந்துக்கடை அக்காகிட்ட போவோம். நீ வந்து பாத்துச் சொன்னா போதும். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீ சொல்றதுதான்."

டம்ளரைக் கல்லின் மேல் வைத்தேன். எங்கள் ஷிப்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். ஒருத்தர் நாளைக்குப் பார்க்கலாம் என்று கையைக் காட்டினார், நானும் காட்டினேன். நான் சரி என்பேன் என்று அண்ணன் நினைத்திருப்பான். எப்போதும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"வரேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "எந்த மோட்டார், எந்தப் பாதம், எல்லாம் பாத்துத் தரேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லு. அதுல உக்காரப் போறது யாரு?"

அவன் ஹெல்மெட்டின் பட்டியை இழுத்துச் சரி செய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

"மேசைய யாருக்கு அளவு வெக்கணும்னு தெரியாம எப்படிடா மெஷின் பாக்கறது?"

பஸ் வந்து நின்றது. ஏறாமல் நின்றேன். கதவு மூடிக்கொண்டது, போய்விட்டது.

"ஒரு ஆளத்தானே கேக்கறேன். நீயே உன் வாயால சொல்லு. யாரு?"